எழுத்துப் பிளாப்பி

உ

அருப்புக்கோட்டை
3.12.1997

பியூலாவுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் அல்ல. நீ மெட்ராசுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது, நீ ஒரு வரி போடவில்லை, நானும் போடவில்லை. அது அப்படியே இருக்கட்டும். இது தொழில் விஷயம். பதிலும் தொழில் விஷயமாக மட்டும் இருந்தால் போதும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி விழுந்து மாரிச்சாமி அண்ணாச்சியின் மிளகாய் வத்தல் மண்டியில் இருந்த கம்ப்யூட்டர் செத்துப்போனது. அண்ணாச்சி சுணங்கவில்லை, மதுரையில் புதுசு வாங்கிப் போட்டுவிட்டார். விண்டோஸ் 95 என்று மேலே எழுதியிருக்கிறது. நம்முடைய வத்தல் பில் புரோகிராமை ஏற்றினேன், ஓடுகிறது. டேட்டா பிளாப்பியில் இருந்த, மண்டிக்குச் சரக்குப் போடும் சம்சாரிகள் பெயரையும் ஏற்றினேன், அதுவும் ஏறிக்கொண்டது. எல்லாம் ஓடுகிறது, எழுத்துதான் தெரியவில்லை.

பரளச்சி கோட்டைச்சாமி என்று வர வேண்டிய இடத்தில் என்ன வருகிறது தெரியுமா? தலையில் கூரை போட்ட ஆங்கில எழுத்து ஒன்று, வால் வைத்த எழுத்து ஒன்று, பக்கத்தில் இரண்டு புள்ளி, ஒரு டாலரோ பவுண்டோ, பிறகு மறுபடியும் கூரை. அந்த மனிதர் இதைக் கண்டால் "என் பேருல என்னத்தா பூச்சி ஊருது?" என்று கேட்பார். அடித்துப் பார்த்த பில் சீட்டிலும் இதே பூச்சிதான்.

அண்ணாச்சி இப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தையில் வத்தல் வரத்து ஆரம்பித்ததும் சொல்வார். மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் இங்கிலீஷில் சீட்டு அடிக்கும் புரோகிராமோடு மண்டி மண்டியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு மண்டியை நம்பித்தான் நம் கம்ப்யூட்டர் சென்டர் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். டைப் அடிக்க வரும் பிள்ளைகளை வைத்து வாடகைகூடக் கட்ட முடியாது. மண்டி போனால் சென்டரைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நான் சொந்த ஊர் பரளச்சிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எழுத்தை மெஷினில் ஏற்றுவது எப்போதும் உன் வேலையாக இருந்தது. அதனால் கேட்கிறேன். வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

காளீஸ்வரி

---

மெட்ராஸ்
9.12.1997

காளீஸ்வரிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கேட்டபடி தொழில் விஷயம் மட்டும்.

நம் புரோகிராம் எழுத்தைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அந்தப் பெயரில் எழுத்து மெஷினில் இல்லையென்றால், கையில் கிடைத்த ஏதாவது ஒரு இங்கிலீஷ் எழுத்தைப் போட்டு ஒப்பேற்றிவிடும். உனக்குத் தெரிகிற பூச்சி அதுதான். சம்சாரிகள் பெயர் எதுவும் அழியவில்லை, பயப்படாதே.

முதலில் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஃபாண்ட்ஸ் என்பதைத் திற. வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அதில் நம் எழுத்தின் பெயர் ARUPPU இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் எழுத்துப் பிளாப்பியைப் போட்டு, மேலே ஃபைல் என்ற இடத்தில் புது எழுத்தை ஏற்று என்று இருப்பதை அமுக்கு. ஏறியதும் மெஷினை ஒருமுறை அணைத்துப் போடு. சென்டரில் உள்ள நம் பழைய மெஷினிலும் அந்த எழுத்து இருக்க வேண்டும். பிளாப்பி அகப்படாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

திரையில் வருவதை வருகிறபடியே எழுதி அனுப்பு. "மிஷின் மாட்டேங்குது" என்று மட்டும் எழுதாதே, என்ன சொல்லி மாட்டேன் என்கிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

இங்கே கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே எந்நேரமும் குளிர். இது தொழில் விஷயத்தில் சேருமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

பியூலா

---

உ

அருப்புக்கோட்டை
14.12.1997

பியூலாவுக்கு,

நீ சொன்னபடி திறந்து பார்த்தேன். வரிசையாக என்னென்னவோ வெள்ளைக்காரன் பெயர்கள். நம் பெயர் இல்லை.

எழுத்துப் பிளாப்பியைப் போட்டேன். உள்ளே கர்ர் கர்ர் என்று கம்பு திரிப்பதுபோலச் சத்தம். பிறகு, A டிரைவைப் படிக்க முடியவில்லை என்று ஒரு கட்டம் வந்தது. மறுபடியும் முயற்சி செய்யவா என்று கேட்டது. செய் என்றேன். மறுபடியும் கர்ர். மற்ற பிளாப்பிகளை அதே மெஷின் அழகாகப் படிக்கிறது, இது ஒன்றைத்தான் மாட்டேன் என்கிறது.

சென்டர் மெஷினில் ஜூன் மாதமே வைரஸ் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். அப்போது எழுத்தும் போய்விட்டது. பிளாப்பிதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சாம்ராஜ் அண்ணனிடம் அவர் தமிழ் எழுத்தை வாங்கி வந்து ஏற்றினேன். புரோகிராம் அதை எடுத்துக்கொள்கிறமாதிரி மாற்றவும் செய்தேன், கைப்பக்குவம் எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. திரையில் தமிழ் வந்தது! கைதட்டப் போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால் தமிழ் எழுத்துதான், தமிழ் இல்லை. கோட்டைச்சாமி இருந்த இடத்தில் "ணெழுஞ்றூ". திருச்சுழி இருந்த இடத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒன்று. அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரும்மா, மலையாளப் பக்கமா?" என்றார்.

அவருக்கு நான் இப்படிச் சொல்லிப் புரியவைத்தேன்: "பஸ்ஸுல சீட்டுக்கு நம்பர் போட்டிருக்காக இல்லையா அண்ணாச்சி, அது மாதிரி மிஷினுக்குள்ள எழுத்துக்கெல்லாம் சீட்டு நம்பர் உண்டு. நாங்க எந்த எழுத்தை எந்த சீட்டுல உக்கார வச்சோமோ, அது எங்க பிளாப்பிக்கு மட்டும்தான் தெரியும். பத்திரிகைக்காரவுக வேற ஆள உக்கார வச்சிருக்காக." அண்ணாச்சி கேட்டுவிட்டு, "அப்ப உங்க பஸ்ஸ ஓட்டிட்டு வாங்க. இல்லைன்னா நான் மதுரை பஸ்ஸுல ஏறிக்கிடுதேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் ஒரு காப்பி இருக்கும் அல்லவா? அனுப்பிவிடு, வேலை முடிந்துவிடும்.

காளீஸ்வரி

பி.கு. குளிர் தொழில் விஷயத்தில் சேராது. ஆனால் ஸ்வெட்டர் வாங்கிக்கொள். உனக்கு உடனே மூக்கடைக்கும்.

---

மெட்ராஸ்
20.12.1997

காளீஸ்வரிக்கு,

என்னிடம் காப்பி இல்லை. நான் கிளம்பிய அன்று டிபன் பாக்ஸையும் குடையையும்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். மற்றதெல்லாம் அங்கேயே இருக்கிறது.

கர்ர் என்ற சத்தம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. புது விண்டோஸ் பழைய எழுத்தை ஏற்காது என்பதெல்லாம் இல்லை, ஏற்கும். பிளாப்பியிலேயே ஏதோ கெட்டிருக்கிறது. மற்ற பிளாப்பிகள் நன்றாக இருந்து இது மட்டும் கெட்டது எப்படி என்று மூன்று நாளாக யோசித்தேன். மிளகாய்த் தூசி என்றால் எல்லாவற்றிலும் விழுந்திருக்க வேண்டும். வெயிலும் அப்படித்தான்.

ஒன்று கேட்கிறேன். கோபம் வரும். கோபித்தாலும் பதில் எழுது. இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பிளாப்பிகளை என்ன செய்தாய்?

இதைக் கேட்டுவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சென்டர் ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு பூஜைக்கும் முந்தின நாள் சாயங்காலம் பிளாப்பிப் பெட்டியைப் பையில் போட்டு எங்கள் ஊர் பாலவனத்தத்துக்கு எடுத்துப் போய்விடுவேன், பூஜை முடிந்த மறுநாள் திரும்பக் கொண்டுவந்து வைப்பேன். கடைசி வருஷம் உன் அம்மா அதைப் பார்த்துவிட்டார்கள். நீ கீழே சைக்கிள் கடைக்காரர் முன்னாலேயே, "எங்க பொட்டு பட்டா உங்க சாமி கோவிச்சுக்கிடுமோ?" என்று கேட்டாய். நான் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அடுத்த மாதம் இந்த வேலை வந்தது, வந்துவிட்டேன்.

பிளாப்பியின் ஓரத்தில் பளபளப்பாக ஒரு தகடு இருக்கிறதே, அதை விலக்கினால் உள்ளே கேசட் நாடாபோல ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். எழுத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதில் ஒரு மயிரிழை விழுந்தாலே படிக்காது. நீ பூஜை வைக்கும் அழகு எனக்குத் தெரியும், ஸ்டேப்ளரைக்கூட விடமாட்டாய், குழைத்துக் குழைத்து வைப்பாய். சந்தனம் வைக்காதே என்று நீ சொன்னால் அது புத்தி. நான் சொன்னால் அது மதம். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

உன் சாமி மேல் எனக்கு ஒன்றும் இல்லை, காளி. பொரியும் கடலையும் நான்தானே அதிகம் தின்றேன்.

பியூலா

---

உ

அருப்புக்கோட்டை
26.12.1997

பியூலா,

நேற்று உங்கள் பண்டிகை. வாழ்த்து.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கிழித்துப் போட்டிருப்பேன். கடைசி வரியைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் தப்பித்தது.

இந்த வருஷம் என்ன செய்தேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன். நீ இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. எப்போதும் வைப்பதைவிடப் பெரிதாகவே வைத்தேன். யாருக்கோ காட்டுகிறாற்போல. வாழை இலை போட்டு, பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் பரப்பி, அந்தப் பளபளப்பான தகடு நெற்றி மாதிரி இருந்ததா, அதற்கு நேர் நடுவில் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்தேன். எழுத்துப் பிளாப்பிதான் நம் கடைக்கே மூலம் என்று அதற்கு மட்டும் சந்தனம் கொஞ்சம் கூட. பன்னீரும் தெளித்தேன்.

மற்றவை தப்பித்த கதையையும் கேள். புரோகிராம் பிளாப்பி அண்ணாச்சியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. டேட்டா பிளாப்பிகள் தீபாவளி கழித்து வாங்கிய புதுசு. என் கையால் பொட்டு வாங்கியவற்றில் மற்றதெல்லாம் பிள்ளைகள் டைப் பழகினவை, போனால் போகட்டும்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்தத் தகட்டை விலக்கிப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து பக்கு விட்டிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், கறுப்பும் சேர்ந்து வந்துவிட்டது. கடை நடுவில் உட்கார்ந்து அழுதேன். டைப் பழகும் பிள்ளை ஒருத்தி "யாருக்காச்சும் உடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டாள்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிளாப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். பிறகு, "அந்தப் புள்ள வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல. தட்டுக்குப் பொட்டு வச்சிட்டுப் போயிருப்போம்" என்றார்கள். எனக்கும் அதுதான். சொல்லியிருக்கலாம் நீ. நானும் கேட்கிற விதமாகக் கேட்டிருக்கலாம்.

இப்போது என்ன செய்ய? நேற்று என் அண்ணன் வீரபாண்டி வந்திருந்தான். "போதும்த்தா, பூட்டிட்டு வா, ஊர்ல மாப்ள பாத்து வச்சிருக்கோம்" என்கிறான். பொங்கல் கழிந்து முதல் லோடு இறங்கும் வரைதான் அண்ணாச்சி பொறுப்பார். அதற்கு மேல் இந்தச் சென்டர் படியில் நான் ஏற வேண்டியிருக்காது.

காளி

---

மெட்ராஸ்
1.1.1998

அன்புள்ள காளி,

கர்த்தர் உனக்கும் அம்மாவுக்கும் இந்த வருஷத்தை நல்லபடி தரட்டும். முதல் இரண்டு கடிதத்தில் இந்த வரியை எழுதவில்லை, தப்பாக எடுத்துக்கொள்வாயோ என்று விட்டேன். நீ பாட்டுக்குப் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதுகிறாய்.

பிளாப்பியை மறந்துவிடு. எழுத்தை மறுபடியும் செய்வோம்.

இங்கே எங்கள் ஆபீசில் எழுத்து செய்கிற புரோகிராம் இருக்கிறது, மதியச் சாப்பாட்டு வேளையில் அதைப் பயன்படுத்தக் கேட்டு வாங்கிவிட்டேன். அன்றைக்கு நாம் கட்டம் கட்டமாகக் கறுப்படித்துச் செய்ததை இதில் கோடாக வரையலாம். எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று, எழுத்தின் வடிவம். அது உன் கை. கிராஃப் தாளில் நீ வரைந்ததுதான் நம் எழுத்து, நான் வரைந்தால் கோழி கிண்டியதுபோல இருக்கும். இன்னொன்று, எந்த எழுத்து எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தது என்பது. அது சரியாக இருந்தால்தான் பழைய பெயர்களெல்லாம் தானாகத் தமிழாகும்.

சீட் நம்பரில் பாதி எனக்கு நினைவிருக்கிறது. ஏன் தெரியுமா? அகர வரிசைப்படி வைத்திருந்தால் மறந்திருப்பேன். நாம் அப்படியா வைத்தோம்? சரக்கின் பெயர் மட்டும் தமிழில் வந்தால் போதும் என்று நினைத்து வத்தல், மல்லி, பருத்தி, கம்பு என்று வருகிற எழுத்தையெல்லாம் முதல் வரிசையில் உட்காரவைத்தோம். பிறகு அண்ணாச்சி ஊர்ப் பெயரும் வேண்டும் என்றார். பரளச்சிக்கு ஒரு ள, ச்சிக்கு ஒரு சி. திருச்சுழிக்கு எழுத்து தேடி நீ ஒரு சாயங்காலம் முழுக்க ழ வரைந்தாய், வால் சரியாக வரவில்லை என்று தாளைக் கசக்கிக் கசக்கிப் போட்டாய். கடைசியில் சம்சாரிகள் பெயர். எங்கள் ஊர் அமிர்தராஜ் மாமா வத்தல் போட வந்த அன்றுதான் ஜ இல்லை என்பதே நமக்கு உறைத்தது. அதைக் கடைசி சீட்டில் உட்காரவைத்தோம். "எங்காளுகளுக்குக் கடைசி சீட்டுதானா?" என்று நான் கேட்டேன், "டிரைவர் பக்கத்துல வேணும்னா உக்காரச் சொல்லு" என்றாய் நீ.

மீதியை உன் திரையிலிருந்து எடுக்கலாம். பெயர் தெரிந்த ஆளாகப் பார்த்து, அவர் பெயருக்கு வருகிற பூச்சிகளை ஒன்று விடாமல் எழுதி, பக்கத்தில் அது எந்த எழுத்து என்று எழுது. கூரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, புள்ளி ஒன்றா இரண்டா என்பது முக்கியம். எந்தப் பூச்சிக்கு எந்த நம்பர் என்று இங்கே அட்டவணை இருக்கிறது.

நேரம் குறைவு. ஆனாலும் அவசரப்படாமல் வரை.

பியூலா

---

உ

அருப்புக்கோட்டை
6.1.1998

அன்புள்ள பியூலா,

இதோடு தாள்கள் வைத்திருக்கிறேன், மடிப்பு எழுத்தின் மேல் விழாமல் மடித்திருக்கிறேன். பூச்சிக் கணக்கு தனித்தாளில்.

கிராஃப் தாளை எடுத்து வைத்து உட்கார்ந்ததும் கை வராதோ என்று பயந்தேன். வ போட்டேன், வந்துவிட்டது. அதன் பிறகு நிற்கவே இல்லை. வரைய வரைய நம் முதல் வருஷம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. எதிர் மண்டியில் வத்தல் சலிக்கும்போது நெடி மாடிக்கு ஏறும், நீ ஒரு தும்மல், நான் ஒரு தும்மல், கோடு கோணலாகும். கீபோர்டுக்கு ஈரத்துண்டு போர்த்தி வைப்போம். நீ பகலெல்லாம் அந்தச் சின்னத் திரையில் ஒவ்வொரு புள்ளியாக வைத்து, "காளி, க நிக்கிறா பாரு" என்று கூப்பிடுவாய், நான் ஓடி வந்து பார்ப்பேன். எண்பத்தாறில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஒரே மெஷினுக்கு நீ முந்தி நான் முந்தி என்று சண்டை போட்டோமே, அதைவிட இதுதான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது. அந்த நாளெல்லாம் எனக்கு வேண்டும்போல இருக்கிறது பியூலா. வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை.

பூச்சிகளை எடுக்க மண்டியிலேயே உட்கார்ந்தேன். கோட்டைச்சாமியில் ஆரம்பித்து, பொன்னுத்தாய், சுந்தராம்பாள், குமாரலிங்கபுரத்துக்காரர்கள் எல்லாரையும் பிரித்து எழுதினேன். அமிர்தராஜ் மாமாவையும் விடவில்லை, கடைசி சீட்டில்தான் இருக்கிறார். ஞ மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. அந்த எழுத்து வருகிற ஆள் யாரும் நம்மிடம் வத்தல் போடவில்லையோ என்னவோ. அதை நீயே ஒரு இடம் பார்த்து உட்காரவை.

மதுரைக்காரர் இன்றைக்கும் வந்தார். அவர் அடித்துக் காட்டிய சீட்டு பளிச்சென்று இருக்கிறது, நான் பொறாமையை மறைக்கவில்லை. அங்கே நின்ற ஒரு சம்சாரியிடம் அண்ணாச்சி அதைக் கொடுத்து, "வெளங்குதாய்யா?" என்றார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரி மொதலாளி" என்றார். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். "நான் சொல்லணும்னா எதுக்குய்யா சீட்டு?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் என்னிடம் நாள் சொல்லிவிட்டார்: "தை பத்துக்கு மேல மொத லோடு வருதும்மா. அன்னைக்குக் காலையில தமிழ் தெரியணும். தெரியலைன்னா நான் அவுகளுக்குச் சரின்னு சொல்லிருவேன். மனசுல வச்சுக்கிடாத."

வீரபாண்டி அந்த மாப்பிள்ளையின் போட்டோவையும் அனுப்பிவிட்டான். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு டவுனில் கடை எதற்கு என்று கேட்கிறாராம். போட்டோவைத் திருப்பி அனுப்பவில்லை, பதிலும் சொல்லவில்லை. தை பத்துக்குப் பிறகு சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

காளி

---

மெட்ராஸ்
17.1.1998

அன்புள்ள காளி,

தபாலில் போட எனக்குத் தைரியம் இல்லை. பொங்கல் லீவுக்கு இங்கே வந்திருந்த என் தம்பி ஆலன் ஊருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தோடு பிளாப்பியும் கொடுத்து அனுப்புகிறேன். அவன் நேராக உன் சென்டருக்கு வருவான், பெட்டிக்குள் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

முதலில் அதைச் சென்டர் மெஷினில் ஒரு காப்பி எடு. பிறகு இன்னொரு பிளாப்பியில் ஒரு காப்பி. அதன் பிறகுதான் மண்டிக்கு எடுத்துப் போ. என்னிடமும் இந்த முறை ஒன்று இருக்கிறது. ஏற்றும் முறை முன்பு எழுதியதுதான். பெயரை மாற்றவில்லை, புரோகிராம் அந்தப் பெயரில் கூப்பிட்டால் எழுந்து வரும்.

உன் பூச்சிக் கணக்கில் ஒரு தப்புகூட இல்லை. இரண்டு இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது, இரண்டிலும் நீ எழுதியதுதான் சரி. ஞவுக்கு ஜ பக்கத்தில் காலியாக இருந்த சீட்டைக் கொடுத்தேன்.

முதல் எழுத்து திரையில் வந்தபோது சாப்பாட்டு வேளை, அறையில் யாரும் இல்லை. வ நின்றது. உன் கை அப்படியே, வளைவு முடிகிற இடத்தில் லேசாக ஒரு கனம் கொடுப்பாயே, அதுவும் இருந்தது. சத்தமாகக் கூப்பிட வாய் எடுத்துவிட்டேன். யாரைக் கூப்பிட? இங்கே வந்த பிறகு எத்தனையோ வேலை செய்துவிட்டேன், எல்லாம் யாருக்கோ, எங்கேயோ போகிற வேலை. திரையில் ஏதாவது நின்றால் ஓடி வந்து பார்க்க ஒரு ஆள் இல்லை. நான் கோபித்துக்கொண்டு வந்தேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு வெட்கம், அதனால்தான் எழுதவில்லை.

தை பத்து நல்லபடி நடக்க ஜெபம் பண்ணுகிறேன். உன் அம்மாவை உன் சாமியிடமும் சொல்லச் சொல். இதில் யார் செய்தாலும் எனக்குச் சம்மதம்.

பியூலா

---

உ

அருப்புக்கோட்டை
25.1.1998

என் பியூலாவுக்கு,

ஆலன் வந்தான், என்ன உயரம்! பிளாப்பியைக் கொடுத்துவிட்டு, "அக்கா இத மடியில வச்சுக்கிட்டே வரச் சொன்னா" என்றான். பாலவனத்தம் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போதோ என்று காப்பிகூடக் குடிக்காமல் ஓடிவிட்டான்.

நீ சொன்னபடி சென்டரில் காப்பி எடுத்தேன், இன்னொன்றும் எடுத்தேன். நேற்றுக் காலை மண்டிக்குப் போனபோது லோடு முன்னாலேயே வந்துவிட்டது. பரளச்சி டிராக்டர்கள் வாசலை அடைத்து நின்றன. மதுரைக்காரரும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் மெஷினைக் கையால் காட்டினார்.

பிளாப்பியைப் போட்டேன். கர்ர் இல்லை, நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. ஏற்று என்றேன், ஏறியது. மெஷினை அணைத்துப் போட்டுப் புரோகிராமைத் திறந்தேன். சம்சாரிகள் பட்டியலை நானே அமுக்கவில்லை, முருகேஸ்வரி என்று அங்கே கணக்கு எழுதும் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளை அமுக்கச் சொன்னேன்.

வந்துவிட்டது பியூலா. மேலிருந்து கீழ் வரை எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவராகத் தமிழில் எழுந்து நின்றார்கள். முருகேஸ்வரி சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கோட்டைச்சாமியின் மூட்டைதான் முதலில் தராசில் ஏறியது. சீட்டு அடித்துக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படித்து, "எடை சரி" என்றார், "ஊரு சரி" என்றார், பிறகு மடித்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அவருக்கு அது எப்போதும் இருப்பதுதானே. அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

மதுரைக்காரர் நல்லவர்தான். எழுந்து வந்து பார்த்துவிட்டு, "இந்த ஃபாண்ட் எந்தக் கம்பெனிங்க, நாங்களும் வாங்கிக்கிடலாமா?" என்று கேட்டார். எந்தக் கம்பெனி என்று என்ன சொல்ல? நம் எழுத்து அந்த வரிசையில் எங்கே இருக்கிறது என்று காட்டுவோம் என்று ஃபாண்ட்ஸைத் திறந்தேன். பதற்றத்தில் ஒருமுறைக்கு இரண்டு முறை அமுக்கிவிட்டேன். ஒரு கட்டம் விரிந்தது. மேலே எழுத்தின் பெயர். அதற்குக் கீழே, இதைச் செய்தவர்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி.

காளீஸ்வரி, பியூலா. அருப்புக்கோட்டை.

இப்படி ஒரு இடம் எழுத்துக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது. நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. மெட்ராஸ் ஆபீசில் உட்கார்ந்து செய்துவிட்டு ஊர் என்ற இடத்தில் நம் ஊரைப் போட்டிருக்கிறாய். என் பெயரை முன்னால் போட்டிருக்கிறாய்.

அண்ணாச்சி, "என்னம்மா எழுதிருக்கு?" என்றார். நான் திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன். மதுரைக்காரர்தான் வாசித்தார். அண்ணாச்சி திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பி, "கம்பெனி இங்கதான் நிக்குது. வெலை பேசணும்னா அவுககிட்டயே பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டார்.

அம்மாவிடம் போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சென்டருக்கு இந்த மாத வாடகையும் கட்டியாகிவிட்டது. மதுரைக்காரர் விலை சொல்லச் சொல்லிக் கேட்கிறார், நான் கூட்டாளியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் நீ எனக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முருகேஸ்வரி பூட்ட வேண்டும் என்று சாவியோடு நின்றாள். நான் அணைக்கவில்லை பியூலா. கரண்டு போய்த்தான் அணைந்தது.

உன் காளி